பொங்கலுக்குக் கழுவிய கற்கள்

ஓய்வு பெற்ற மறுநாள் காலை, நான் பல் விளக்கி முடிப்பதற்குள் மூன்று பேர் எனக்கு வேலை ஒதுக்கிவிட்டார்கள். பெரம்பலூரில் இருக்கும் மகன் போன் செய்து, பேரனைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட ஆள் வேண்டும், இங்கேயே வந்து இருந்துவிடுங்கள் என்றான். தெருக் கோயில் கமிட்டிக்காரர் வாசலில் நின்றுகொண்டு, திருவிழாவுக்கு மைக் செட்டிலிருந்து பந்தல் வரைக்கும் இனிமேல் என் பொறுப்பு என்றார். அரும்பாவூரில் விவசாயம் பார்க்கிற மச்சினன், மக்காச்சோளத்துக்குத் தண்ணீர் கட்ட ஆள் கிடைக்கவில்லை என்றான். மூன்று பேரும் பேச்சை ஒரே மாதிரிதான் முடித்தார்கள். "சும்மாதானே இருக்கீங்க."

அன்றைக்கு வந்த கோபம் இன்னும் எனக்கு முழுதாக இறங்கவில்லை. பதினாறு வயதில் லாரி கிளீனராக ஏறியவன் நான். ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு கடலை மில்லில் இன்ஜின் ஓட்டினேன். அரியலூரில் சிமெண்ட்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற மைன்ஸில் பதினோரு வருஷம் டம்பர் லாரி ஓட்டினேன். அப்புறம் திருமழபாடி ரோட்டில் மினி பஸ். கண்டக்டர் வராத நாளில் டிக்கெட்டும் நானே கிழித்தேன். கடைசிப் பதினான்கு வருஷம் திருச்சி காலேஜ் ஒன்றின் பஸ். இத்தனை வண்டியில் ஒன்றிலாவது என் இஷ்டத்துக்கு ஒரு திருப்பம் திருப்பியிருப்பேனா? அடுத்தவன் சொன்ன இடத்துக்கு, அடுத்தவன் சொன்ன நேரத்துக்கு ஓட்டினேன். கையில் ஸ்டியரிங் இல்லாமல் நாலு நாள் இருக்க நினைத்தால் அதற்குப் பெயர் சும்மாவாம்.

மூன்று பேரிடமும் முடியாது என்றேன். சாதாரணமாகச் சொல்லவில்லை, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். எனக்குச் சத்தம் கொஞ்சம் அதிகம். டம்பர் இரைச்சலில் பேசிப் பழகிய தொண்டை அது, அப்படித்தான் இருக்கும்.

எனக்கு வேறு வேலை இருந்தது. கல் பொறுக்குவது.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். அது எப்படிப் பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன். நான் பஸ் ஓட்டிய காலேஜில் பாறைகளைப் பற்றிப் படிக்கிற பிள்ளைகள் உண்டு. வருஷத்துக்கு ஒரு முறை அவர்களை ஏற்றிக்கொண்டு, வெட்டி முடித்துக் கைவிட்ட மைன்ஸ் குழிகளுக்குப் போவேன். முதல் தடவை போனபோது எனக்கு ஒரே எரிச்சல். எனக்குத் தெரியாத குழியா? அந்தச் சரிவில் ஒரு நாளைக்குப் பத்து நடை ஏறி இறங்கியவன் நான். பஸ்ஸின் நிழலில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகளைக் கூட்டிவந்த பேராசிரியை, நடுத்தர வயதுப் பெண், வெயிலில் நின்றபடி சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் இதெல்லாம் கடல். நாம் நிற்பது கடலின் அடித்தரை.

எழுந்து கிட்டே போனேன். அவர் என் கையில் ஒரு கல்லை வைத்தார். உள்ளங்கை அளவு, வட்டமாகச் சுருண்டது, நத்தையைப் போல. விளிம்பிலிருந்து நடுவரைக்கும் வரிவரியாக மேடு.

"இது உயிரோட நீந்திட்டு இருந்ததுண்ணா. மனுசங்க யாரும் வர்றதுக்கு ரொம்ப ரொம்ப முன்னாடி" என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. அந்தக் கல்லை எனக்குத் தெரியும். மைன்ஸில் நாங்கள் அதைச் சக்கரக் கல் என்போம். டம்பரின் ரெட்டை டயருக்கு நடுவில் வந்து மாட்டிக்கொள்ளும். கம்பியை விட்டு நெம்பி எடுத்து, காலால் எட்டி உதைத்துவிட்டுப் போவோம். மற்றதெல்லாம் கிரஷருக்குள் போய் மாவாகிவிடும். பதினோரு வருஷம் நான் ஏற்றிக்கொண்டு போய்க் கொட்டியது இதைத்தான். ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஜீப்பில் வந்து இறங்குகிற ஆபீசர்கள் எல்லாரும் படித்தவர்கள், அவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஒருத்தன், ஒரே ஒருத்தன்கூடச் சொல்லவில்லை. டிரைவருக்கு எதற்கு என்று விட்டிருப்பார்கள். சொல்லியிருந்தால் ஒரு நாளாவது இறங்கி நின்று பார்த்திருப்பேனே. இப்போது நினைத்தாலும் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

ஆக, ஓய்வு பெற்ற அடுத்த வாரமே மொபெட்டில் கிளம்பிவிட்டேன். ஒரு சாக்கு, ஒரு சுத்தியல், ரெண்டு உளி, பெயிண்ட் அடிக்கிற பிரஷ் ஒன்று, தண்ணீர் பாட்டில். மைன்ஸ் பக்கம் போகவில்லை, மழைத் தண்ணீர் அறுத்துக்கொண்டு ஓடுகிற ஓடைகளுக்குப் போனேன். அங்கே கரை சரிந்தால் கல் தானாகவே தலையைக் காட்டும். நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் கை வைப்பேன். அவர்கள் என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். புதையல் தேடுகிறேன் என்று ஒரு பேச்சு, மாந்திரீகத்துக்குக் கல் எடுக்கிறேன் என்று இன்னொரு பேச்சு. டீக்கடையில் என்னைக் கண்டதும் ஒருத்தன், "அண்ணே, கெடைச்சா நமக்கும் ஒரு பங்கு" என்பான். மச்சினன் அதற்கும் மேலே போனான். "ரிட்டயரானவங்க காசிக்குப் போவாங்க, நம்ம மாமா ஓடைக்குப் போறாரு" என்று ஒரு கல்யாணப் பந்தியில் வைத்துச் சொன்னான். சாப்பிட்ட இலையை அப்படியே மூடிவிட்டு எழுந்து வந்தேன்.

ஆனால் கேட்டவர்களுக்கு விளக்கம் சொல்லாமல் விட்டதில்லை. டீக்கடை பெஞ்சில் கல்லை வைத்து, இது சிப்பி, இது கடல் முள்ளெலி, இது சுறா மீனின் பல் என்று மணிக்கணக்காகச் சொல்லியிருக்கிறேன். பழைய மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமை தேடி வந்தால் அவர்களுக்கும் சொல்வேன். எனக்குத் தெரியாததைப் பேராசிரியையிடம் போனில் கேட்டுக்கொள்வேன். வீட்டுக்குப் பின்னால் மாடு இல்லாமல் கிடந்த கொட்டகையில் பலகை அடித்து, கல்லுக்கெல்லாம் மார்க்கரில் நம்பர் போட்டு அடுக்கினேன். எந்த நம்பர் எந்த ஓடையில், எந்தக் கரையில் கிடைத்தது என்று ஒரு நோட்டில் எழுதினேன். ரெண்டு வருஷத்தில் கொட்டகை நிறைந்துவிட்டது.

மனைவி ஒரே ஒரு முறைதான் அதைப் பற்றிப் பேசினாள். "இப்புடி அடுக்குனா பாம்பு வந்து அடைஞ்சுக்குங்க" என்றாள். அப்போது நான் ஒரு கல்லில் உளியை வைத்திருந்தேன். குறுக்கே பேசினால் கை பிசகும். கத்திவிட்டேன். அதற்கப்புறம் அவள் கொட்டகையைப் பற்றி வாயே திறக்கவில்லை. தொல்லை விட்டது என்றுதான் நினைத்தேன்.

போன ஐப்பசி மழையில் ஓடைக் கரை ஒன்று பெயர்ந்து விழுந்தது. அதில்தான் அந்தக் கல் கிடைத்தது. முழங்கை நீளம். மற்றதைப் போல வட்டமாகச் சுருளாமல், நேராக வளர்ந்து, முனையில் மட்டும் குடைக் கைப்பிடியாக வளைந்திருந்தது. களிமண் அப்பியிருந்த இடம் போக மிச்சத்தில் மெல்லிய கோடுகள், இலை நரம்பு பிரிவதுபோலப் பிரிந்து பிரிந்து ஓடின. அப்படி ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. மேல்சட்டையைக் கழற்றி அதில் சுற்றிக்கொண்டு, மொபெட்டை இருபதுக்கு மேல் முடுக்காமல் வீடு வந்தேன்.

போட்டோ எடுத்து அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பேராசிரியை கூப்பிட்டார். குரலே மாறியிருந்தது.

"அண்ணா, இது சுருளாம வளர்ற வகை. இந்தப் பக்கம் இதுல ஒண்ணு ரெண்டு எடுத்திருக்காங்க. ஆனா உங்க கல்லுல கோடு வேற மாதிரி தெரியுது. அந்தக் கோட்டை லென்ஸ் வெச்சுப் பார்த்தாத்தான் எந்த இனம்னு சொல்ல முடியும். நான் பொங்கல் முடிஞ்சு நேர்ல வரேன். அதுவரைக்கும் தண்ணிகூடப் படக்கூடாது. எதுவுமே பண்ணிடாதீங்க."

"புது இனமா இருந்தா?"

"எழுதிப் பதிவு பண்ணுவோம். காலேஜ் மியூசியத்துல வைப்போம். கண்டெடுத்தவர்னு கீழ உங்க பேரு இருக்கும்."

கண்ணாடிப் பெட்டி, உள்ளே கல், அதன் கீழே ஒரு சீட்டில் என் பெயர். டம்பருக்கு நம்பர்தான் உண்டு. மினி பஸ்ஸில் முதலாளியின் மகள் பெயர் எழுதியிருந்தது. காலேஜ் பஸ்ஸில் காலேஜின் பெயர். என் பெயரை எதன் மேலும் எவனும் எழுதியதில்லை. மார்கழி முழுக்கத் தினமும் காலையில் கொட்டகைக்குப் போய், மண் அப்பிய அந்தக் கல்லைத் தொடாமல் பார்த்துவிட்டு வருவேன். அந்தப் பெயர்ச் சீட்டுக்கு நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பதை இப்போது எழுதுவதற்குக்கூட வெட்கமாக இருக்கிறது.

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது மச்சினன் போன் செய்தான். மக்காச்சோளம் அறுத்துப் போட்டாயிற்று, கதிரடிக்கிற மெஷின் வருகிறது, தனக்கு மாமனார் வீட்டில் ஒரு சாவு, ரெண்டு நாள் களத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றான். சாவு என்று சொன்ன பிறகு என்ன செய்வது? கருவிக்கொண்டே கிளம்பினேன். மனைவி பொங்கலுக்கு வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் பொங்கலுக்கு முன்னால் வீட்டில் ஒரு கரண்டி தப்பாது. பரணிலிருந்து அடுப்படி வரை எல்லாம் வெளியே வந்து, தேய்த்துக் கழுவி, வெயிலில் காய்ந்து, வெள்ளையடித்த பிறகுதான் உள்ளே போகும். உபயோகப்படாதது போகி நெருப்புக்குப் போகும். அந்த நினைப்பு வந்ததுமே செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப உள்ளே போனேன்.

"கொட்டாயில இருக்குற கல்லுல ஒண்ணைத் தூக்கிப் போட்டேன்னு வெச்சுக்க, அப்பறம் நான் மனுசனா இருக்க மாட்டேன்" என்றேன்.

"சரிங்க" என்றாள்.

அரும்பாவூரில் மெஷின் வரும் வரும் என்று ஒரு பகலும், வந்த மெஷின் பெல்ட் அறுந்து இன்னொரு பகலும் போனது. தார் ரோட்டில் கொட்டிக் காயவைத்த சோளத்தின் மேல் கார்க்காரன் ஏற்றிக்கொண்டு போவான், அவனைத் திட்டுவேன். மெஷின்காரனைத் திட்டுவேன். ஆள் இல்லாத நேரத்தில் மச்சினனைத் திட்டுவேன். மூன்றாம் நாள் அவன் வந்து சேர்ந்ததும் ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் பெரம்பலூருக்கு பஸ் ஏறி, அங்கிருந்து அரியலூர் பஸ்ஸைப் பிடித்தேன்.

வீட்டு வாசலில் கால் வைத்ததும் வாசனை வந்தது. கக்கூஸ் கழுவுகிற ஆசிட். பொங்கல் சமயம், எல்லா வீட்டிலும் வருகிற வாசனைதான். பின்கட்டுக்குப் போனேன்.

கொட்டகையில் இருந்த கல் அத்தனையும் வெளியே இருந்தது. பழைய பாயை விரித்து, வெயிலில் வரிசையாக அடுக்கியிருந்தாள். ஒன்றுகூடத் தொலையவில்லை. எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தன. நம்பர் இல்லை, வரி இல்லை, மேடு இல்லை. வழுக்கை வழுக்கையாகக் கூழாங்கல். அந்த நீளக் கல் நடுவில் இருந்தது. கையில் எடுத்தேன். கைப்பிடி வளைவு மட்டும் மிச்சம் இருந்தது. கோடுகள் ஓடிய இடத்தில் விரலை வைத்துத் தடவினேன், தேய்ந்த சோப்பைத் தொடுவதுபோல இருந்தது.

சுண்ணாம்புக்கல்லில் ஆசிட் பட்டால் பொங்கித் தின்றுவிடும். மைன்ஸில் வேலை பார்த்த எவனுக்கும் தெரியும்.

அவள் அடுப்படியிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள். "மண்ணு ஒட்டிக்கிட்டுப் போவவே மாட்டேன்னுடுச்சு. பிரஷ்ஷால தேச்சும் போவல. அப்பறம் ஆசிட்டுக்காரரு வந்தாரு, ரெண்டு கேன் வாங்கி ஊத்துனேன். பாருங்க, எப்புடிப் பளிச்சுன்னு."

நான் என்ன கத்தினேன் என்று முழுதாக ஞாபகம் இல்லை. ஞாபகம் இருப்பதையும் எழுத முடியாது. பக்கத்து வீட்டு மாடியில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தவர்கள் மட்டையைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள். வீட்டில் அறிவுகெட்ட ஜென்மம் இருக்கிறது என்றேன். ரெண்டு வருஷ உழைப்பைக் கக்கூஸில் ஊற்றிவிட்டாய் என்றேன். அவளுடைய அப்பன், பாட்டன் ஒருவரையும் விடவில்லை.

"நீங்க தூக்கிப் போடக் கூடாதுன்னுதான சொன்னீங்க" என்றாள். "திருச்சியிலேருந்து அவ்வளவு பெரிய படிப்புப் படிச்சவங்க நம்ம வூட்டுக்கு வர்றாங்க. சேறும் சகதியுமா வெச்சிருந்தா நம்மள என்னன்னு நெனைப்பாங்க? அதாங்க..."

அவள் கை ரெண்டிலும் மஞ்சள் குழைத்துப் பூசியிருந்தது. விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது. வெறும் கையால்தான் கழுவியிருக்கிறாள். அதைப் பார்த்தேன். பார்த்த பிறகும் கத்தினேன். அதை மறைப்பதில் அர்த்தம் இல்லை.

அந்தப் பொங்கல் எப்படிப் போனது என்று கேட்க வேண்டாம். மகன் வந்தான், விஷயத்தைக் கேட்டான், "கல்லுதானேப்பா, வேற பொறுக்கிக்கலாம்" என்றான். அவனையும் வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவன் மாட்டுப் பொங்கல் அன்றைக்கே பெரம்பலூருக்குக் குடும்பத்தோடு கிளம்பிவிட்டான். மனைவியிடம் நான் பேசவில்லை. சோறு போட்டாள், தின்றேன்.

பேராசிரியைக்குப் போன் செய்து வரவேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எங்காவது ஒரு ஓரத்தில், நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு லென்ஸுக்குத் தெரியாதா என்று ஒரு நப்பாசை.

சொன்னபடி வந்தார். பின்கட்டில் நாற்காலி போட்டேன். கல்லை மடியில் வைத்துக்கொண்டு, லென்ஸைக் கண்ணுக்குக் கொடுத்து, ஒவ்வோர் அங்குலமாகப் பார்த்தார். வெயிலுக்குத் திருப்பினார், நிழலுக்குத் திருப்பினார். ரொம்ப நேரம். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஒரு கோடுகூட இல்லையேண்ணா" என்றார் கடைசியில். "இந்த வகைன்னு சொல்லலாம். எந்த இனம்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. பதிவு பண்ண முடியாது."

"போட்டோ இருக்கேம்மா?"

"போட்டோவுல முக்கால்வாசி மண்ணுண்ணா."

முடிந்தது. எனக்குத் தலைக்கு ஏறியது. மனைவி காபித் தம்ளரோடு அப்போதுதான் வந்தாள். "எல்லாம் இவ பண்ணுன வேலை" என்றேன், விரலை நீட்டி. வந்தவர் முன்னால் அப்படிச் சொன்னேன்.

பேராசிரியை தம்ளரை வாங்கிக்கொண்டு அவளுடைய விரல்களைப் பார்த்தார். தோல் இன்னும் ஆறியிருக்கவில்லை. பக்கத்தில் வரச் சொன்னார்.

"இது என்னன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாதுங்க. ஏதோ விலை ஒசந்த கல்லுன்னு நெனைச்சுக்கிட்டேன்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கொட்டகைப் பக்கம் பார்த்தேன். டீக்கடைக்காரனுக்குத் தெரியும், ஓடைக்கரையில் ஆடு மேய்க்கிறவனுக்குத் தெரியும், இந்த ஊர் கடலாக இருந்த கதை. இவளுக்குச் சொல்ல எனக்குத் தோன்றியதே இல்லை.

பேராசிரியை அவளிடம் சொன்னார். எளிமையாக, நிதானமாக, ஒரு கால் மணி நேரம். அவள் முந்தானையால் கையைப் போர்த்திக்கொண்டு கேட்டாள். நடுவில், "அப்ப இது செத்து எத்தனை காலம் இருக்கும்?" என்றாள். "இதுக்குக் கண்ணு இருந்துச்சா?" என்றாள். எனக்கு அந்தக் கண் விஷயம் தோன்றியதே இல்லை. இருந்தது என்றார் பேராசிரியை. மனைவி வழுவழுவென்று கிடந்த அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு, "ஆசிட்ட ஊத்தி நானே கரைச்சுப்புட்டேனே" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"விடுங்கம்மா. தெரியாமப் பண்ணினதுதானே" என்றார் அவர். "ஆனா ஊத்துறதுக்கு முன்னாடி அண்ணனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்."

"போட்டனுங்க" என்றாள். "மொதக் கல்லுல ஊத்துனதுமே புஸ்ஸுன்னு நொரை கெளம்பிச்சு. பயமாப் போச்சு. என்னடா இது, வேற பாத்திரத்துல எல்லாம் இப்புடிப் பொங்காதேன்னு போனை எடுத்து நம்பரைப் போட்டேன். ரிங்கு போவறதுக்குள்ள கட் பண்ணிட்டேன்."

"ஏம்மா?"

"கேட்டா கத்துவாருங்க."

அதை அவள் குறையாகச் சொல்லவில்லை. இன்றைக்கு மத்தியானம் கரண்ட் இருக்காது என்பதை எப்படிச் சொல்வாளோ அப்படிச் சொன்னாள். பேராசிரியை தம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது. நான் எப்போது கத்தினேன், வந்தவர் முன்னால் என்ன பேச்சுப் பேசுகிறாய் என்று கேட்க வாயைத் திறந்தேன்.

சத்தம் வெளியே வருவதற்கு முன்பே அவள் அரை அடி பின்னால் நகர்ந்து நின்றாள். வேண்டுமென்று நகரவில்லை, கால் தானாகப் போனது. கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.